பெருங்கழித் துறையில் ஒட்டிய சீட்டு

காலையில் லஸ் முனையில் பஸ் ஏறிப் பெருங்கழிக்குப் போகிறவர்கள் வலப்பக்கம் உட்காருவது நல்லது. வெயில் படாது. ஒன்பது வருடம் போய்வந்ததில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

பெருங்கழித் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதித் தரும்படி, தேர்தல் வழக்கை விசாரிக்கும் கமிஷனராகிய தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான் சரித்திரத்தில் பி.ஏ. தேறியவன். மூன்று தேர்தல்களிலும் வேட்பாளர் ரகுபதி அவர்களுக்கு ஏஜெண்டாக இருந்தவன். ஆகவே எழுதுகிறேன்.

தொகுதியின் நடுவில் கழி ஓடுகிறது. மேற்குக் கரையில் ஊரும் போர்டு பள்ளிக்கூடமும். ஓட்டுச்சாவடி அந்தப் பள்ளிக்கூடம்தான். கிழக்கே மணல்திட்டில் உப்பளங்களும், அக்கரை என்று எல்லோரும் சொல்லும் குப்பமும். இடையில் முந்நூறு கஜம் தண்ணீர். கடல் வாங்கும்போது இடுப்பளவு. ஏறும்போது ஆள் முங்கும். இருப்பது ஒரே படகு, சேட்டு என்பவனுடையது. அங்கே தேர்தலுக்கு நின்ற எல்லோரும் முதலில் சொன்னது ஒரே வார்த்தை: பாலம்.

1937-இல் ஆளுக்கொரு வண்ணப் பெட்டி. படிக்கத் தெரியாதவர்களும் நிறம் பார்த்துப் போட்டுவிடலாம் என்று ஏற்பாடு. எங்களுக்குப் பச்சை. மூன்று வாரம் வீடு வீடாகப் போய், பச்சை, பச்சை என்று சொன்னேன். தேர்தலன்று எதிராளியின் மஞ்சள் பெட்டியின் மேல் கற்பூரம் எரிந்த தடமும் அரளிப் பூவும் இருந்தன. வெளியே வந்த ஒரு பெரியவரைப் பிடித்துக் கேட்டேன்.

"பச்சைன்னு சொன்னேனே ஐயா?"

"சொன்னே நைனா, இல்லேங்கல. மஞ்சளு மங்களமாச்சே. முத முத போடச்சொல்ல மஞ்சள வுட்டுட்டு எவனாவது பச்சையில போடுவானா?"

முப்பத்தெட்டு ஓட்டில் தோற்றோம்.

1939-இல் இடைத்தேர்தல். இந்த முறை குலுக்கலில் எங்களுக்கே மஞ்சள் விழுந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு அக்கரையில் அம்மை போட்டது. ஆத்தாளுக்கு உரிய நிறத்தில் கை வைக்கக் கூடாது என்று ஒதுங்கி, எல்லோரும் சிவப்பில் போட்டுவிட்டுப் போனார்கள். பதினோரு ஓட்டில் தோற்றோம். மக்களைப் பற்றிய என் படிப்பு அன்றோடு முடிந்தது.

இதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். ரகுபதி அவர்களின் அபிராமபுரம் வீட்டில் பாலத்துக்கு இன்ஜினீயர் போட்ட வரைபடம் சுருட்டி வைத்திருந்தது. மற்றவர்கள் வாயால் சொன்னதை அவர் காகிதத்தில் வைத்திருந்தார். 1939-இல் அவர் ஜெயித்திருந்தால் கழியின் மேல் பாலம் இருந்திருக்கும். யாரும் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்திருக்காது.

1941-இல் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மர்சலின் சாந்தோமில் கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி, படகு ஏறி, அக்கரைக்குப் போவாள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் மனுக் கொடுத்தால் ஓட்டர் பட்டியலில் சேர்ப்பார்கள். அதற்காக உப்பளத்துப் பெண்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்தாள். அவள் கேட்டதால் அரிச்சுவடியைப் பெரிய அட்டையில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் முதலில் பார்த்து எழுதியது என் எழுத்தைத்தான். நான்கு வருடத்தில் அறுபத்தொரு பெண்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டாள்.

1946 பிப்ரவரியில் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"எந்தப் பெட்டியில போடுவாங்க?"

"அத நான் கேக்கல."

"கேட்டுச் சொல்லேன்."

"கேட்டு நான் சொல்லிட்டா அப்புறம் அது அவங்க ஓட்டா?" ரசம் ஊற்றினாள். "நீங்க பாலம் பாலம்றீங்க. அவங்க கூலியப் பத்திப் பேசுறாங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், உங்க பச்சை மஞ்சள் வித்தையெல்லாம் இனிமே செல்லாது. பேரப் படிச்சுப் பாத்துத்தான் போடுவாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். கூலி என்றால் எங்களை எதிர்த்து நின்ற உப்பளச் சங்கத்து காஸ்பர். அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அறுபத்தொன்று இல்லாவிட்டால் ஏறத்தாழ இருபதில் ஜெயிப்போம். இருந்தால் நாற்பதில் தோற்போம். ஒன்பது வருடம் கழித்து, பாலத்தை வேண்டாம் என்று சொல்லப்போவது பாலம் வேண்டியவர்களேதான்.

மார்ச்சில் தேர்தல், வேலை நாள். உப்பளத்தில் பெண்களுக்கு இரண்டு மணிக்கு வேலை முடியும். அதற்குப் பிறகு சேர்ந்துதான் வருவார்கள். ஐந்து மணிக்குச் சாவடி மூடும். அன்று அமாவாசை. மூன்று மணிக்கெல்லாம் கழி ஏறிவிடும் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

காலையில் புறப்படும்போது என் காப்பிங் பென்சிலைத் தேடினேன். மர்சலின் தன் பையிலிருந்து அவளுடையதை எடுத்துக் கொடுத்தாள். "இன்னைக்கு வர நேரமாகும்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏதாவது வேலை இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு மணிக்குச் சேட்டுவைத் தெற்குத் துறைக்குப் போகச் சொன்னேன். ஓட்டுப் பெட்டிகள் அங்கே வரும், ஏற்றிக்கொள்ள வேண்டும், சர்க்கார் உத்தரவு என்றேன். அங்கே பெட்டி எதுவும் வருவதாக இல்லை.

"அக்கரைப் பொம்பளைங்க வருவாங்களே சார்? அவங்களுக்கு இன்னா சொல்றது?"

"போற வழியில இத அக்கரைத் துறைக் கம்பத்துல ஒட்டிட்டுப் போ. படிச்சுக்குவாங்க."

'சர்க்கார் உத்தரவு. ஓட்டுப் பெட்டி ஏற்றப் படகு தெற்குத் துறைக்குப் போயிருக்கிறது. மாலை ஆறு மணிக்குத்தான் வரும்.' சீட்டில் இருந்தது அவ்வளவுதான். சேட்டுவுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாதவர்கள் என்றால் துறையில் நின்று கத்துவார்கள், வேறு கட்டுமரம் தேடுவார்கள். படித்தவர்கள் எழுதியிருப்பதை நம்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள். மர்சலினின் நான்கு வருட உழைப்பின் மேல் எனக்கு அந்த அளவு நம்பிக்கை இருந்தது.

மூன்றரைக்கு உப்பளக் காவல்காரர் நனைந்த வேட்டியோடு சாவடிக்குள் ஓடிவந்தார். வடக்கே சுற்றி நீந்தி வந்திருக்கிறார்.

"சார், பொம்பளைங்க தண்ணியில எறங்கிட்டாங்க சார். நடுக் கழியில கீறாங்க. ஆளு அனுப்பு சார்."

சாவடி அதிகாரி ஹபீபுர் ரஹ்மான் எழுந்துவிட்டார். வரிசையில் நின்ற ஆண்களைக் கயிற்றோடு அனுப்பலாம் என்றார். நான் விதிப் புத்தகத்தை அவர் முன் பிரித்து வைத்தேன். ஐந்து மணிக்கு முன் வாக்குப்பதிவை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை, வரிசை கலைந்தால் தேர்தலே செல்லாமல் போகும் என்றேன். அவர்கள் தண்ணீர் தெரிந்தவர்கள், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவர் உட்கார்ந்தார். பிறகு புத்தகத்தைத் தள்ளிவிட்டு அவரே வெளியே ஓடினார். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு நிமிடம். பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு பேர் இறந்தார்கள். மற்றவர்களைக் கரையேற்றிவிட்டார்கள். அக்கரைப் பெண்களில் ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை. ஏழாவதாக எடுத்தது மர்சலினை. அவள் அன்று லீவு போட்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சீட்டை எழுதியிருப்பேனா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் விடை எழுதவில்லை.

பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தோம். எண்ணி முடியும்வரை நான் மேசையை விட்டு எழவில்லை. மறு வாரம் ரகுபதி அவர்கள் துக்கம் விசாரித்தார். "பாலத்துக்கு உங்க சம்சாரம் பேரையே வெச்சுடலாம் ஞானதாஸ்" என்றார். நல்லது என்றேன். சிமெண்ட் கிடைக்கவில்லை என்று இன்னும் வேலை ஆரம்பிக்கவில்லை.

அதிகாரி கொடுத்த சீட்டு என்று சேட்டு உங்களிடம் சாட்சி சொன்னான். பயத்தில் சொல்லியிருக்கிறான். எழுதியது நான், அவனை விட்டுவிடுங்கள். சீட்டு காணாமற் போகவும் இல்லை. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் மர்சலினின் வலது கை மூடியபடியே இருந்தது. விரல்களைப் பிரித்தபோது உள்ளங்கை முழுவதும் ஊதா. காப்பிங் பென்சில் ஈரம் பட்டால் அப்படித்தான் ஊறும். உள்ளே இருந்த காகிதத்தைக் காயவைத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். இப்போது அதில் ஒரு எழுத்தும் தெரியாது.

அக்கரை தேவானை உங்கள் முன் சொன்னதை நானும் பின்பெஞ்சில் இருந்து கேட்டேன்.

"சீட்ட நான்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன் சாமி. சர்க்காரு சொல்லிட்டாங்க, திரும்பிப் போலாம்னோம். டீச்சரம்மா அத்தக் கிழிச்சு எடுத்து ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தாங்க. அப்பால, 'இது சர்க்கார் இல்ல தேவானை. ஓட்டு நம்மளது, நடந்தே போய்ப் போட்டுட்டு வரலாம்'னாங்க. தண்ணி ஏறுதும்மான்னோம். கையக் கோத்துக்கினு வாங்கன்னு அவங்களே முன்னால எறங்கிட்டாங்க."

இதிலிருந்து தாங்கள் தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. சீட்டில் முத்திரை இல்லை. படித்த பெண், முத்திரை இல்லாததைப் பார்த்துத்தான் சர்க்கார் இல்லை என்று சொல்லியிருப்பாள். ரொம்ப நேரம் பார்த்தது வெயிலில் கண் கூசியதால் இருக்கும். கையில் பிடித்திருந்தது, அதிகாரியிடம் காட்டுவதற்காக. அந்த மாதிரிக் கையெழுத்து உள்ளவர்கள் மைலாப்பூரில் மட்டும் நூறு பேர் இருப்பார்கள்.

மற்ற எதையும் நான் மறுக்கவில்லை. என்ன தண்டனையானாலும் சரி. அது யார் எழுத்து என்று மர்சலினுக்குத் தெரியாது என்பதை மட்டும் தீர்ப்பில் எழுதிவிடுங்கள்.