கழட்டுனவன் வந்து மாட்டட்டும்

எவனோ வேணும்னே கழட்டியிருக்கான்! நீங்கதானே சொன்னீங்க தங்கச்சி, "வூட்டுல நெட் இல்ல, யாரோ வயர கழட்டியிருக்காங்க போல"ன்னு? அதேதான் நானும் சொல்றேன். பூட்டுன வூட்டுக்குள்ள பூந்து கழட்டியிருக்கான். சாவியா? ரெண்டு சாவியும் இந்தா, என் இடுப்புல. அப்ப எப்புடிப் பூந்தான்னு கேக்காதீங்க. லயத்து வரிசை வூட்டு ஆளுகளுக்கா வழி தெரியாது! எவன் கழட்டுனானோ அவனே வந்து மாட்டணும். அவ்வளவுதான்.

அந்த போட்டோகொப்பிய அப்புறம் அடிங்க, இதக் கேளுங்க. எம் மக கோகிலா ஆபீஸ் வாசல்ல க்யூவுல நிக்கிறா. டீச்சர் வேலைக்கு இண்டர்வியூ. மூணு மணிக்குள்ள எல்லாக் கடிதமும் குடுக்கணும், இல்லாட்டி பேர வெட்டிருவாங்களாம். எல்லாம் இருக்கு, ஒண்ணுதான் இல்ல. தோட்டத்து ஸ்கூல்ல மூணு வருசம் சம்பளமில்லாமப் படிச்சுக் குடுத்தாளே, அந்தக் கடிதம். ஒரிஜினல், கூர ஒழுகி கூழாப் போச்சு. எழுதிக் குடுத்த ஸ்கூல் அதிபரும் போய்ச் சேந்துட்டாரு. ஸ்கேன் பண்ணது எங்க இருக்கு? வூட்டு கம்பியூட்டர்ல. கம்பியூட்டர் எங்க? தெஹியோவிட்டவுல. நான் எங்க? அவிசாவளையில, உங்க கடையில!

"பென் டிரைவ்ல போட்டுக்குவம்ப்பா"ன்னு நேத்தே சொன்னா. நான்தான், "அது பழைய காலத்து சாமான், வெளிய உக்காந்தே வூட்டு கம்பியூட்டரத் தொறக்கலாம், அதுவும் ஃப்ரீயா"ன்னேன். ஃப்ரீ! யாரு கண்டுபுடிச்சான் அந்த வார்த்தைய?

அதுக்குன்னு போன மாசமே மொதல்ல ஒரு சாப்ட்வேரப் போட்டேன். அஞ்சு நிமிசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஸ்கிரீன்ல ஒரு பொட்டி வந்து நிக்குது: "நீங்க வியாபாரத்துக்குப் பாவிக்கிறதா சந்தேகம்." என்னயவா சந்தேகப்படுற? நான் பழைய மேசை, கதிரை வாங்கி விக்கிறவன்தான், ஆனா இது எம் மக கடிதம்டா! சொல்றதுக்கு எடமே இல்ல தங்கச்சி. "ஓகே" மட்டுந்தான் இருக்கு. "மாட்டேன்"னு பக்கத்துல ஒரு பட்டன் வச்சாத்தானே மனுசன் பேரம் பேசலாம்? நாலாம் வகுப்போட ரப்பர் பால்வாளி தூக்கப் போனவன் நான். கங்காணியோட பேசி ஜெயிச்சிருக்கேன், தொரையோட பேசி ஜெயிச்சிருக்கேன். ஒரு பொட்டி என்னய வாயடைக்குது!

ரெண்டாவது சாமான் பதினாலு நாளைக்குத்தான் ஃப்ரீயாம். கலியாண மாப்புள மாதிரி பதினாலு நாளு நல்லவன்! மூணாவது ஒண்ணு, அத செஞ்ச வெதத்த யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாமாம், அதனால பத்திரமாம். எங்க ஊருல தொறந்து கெடக்கிற வூட்ட அப்புடி எவனும் சொல்ல மாட்டான். இப்பப் போட்டிருக்கிறது அஞ்சாவது.

அதிசயம் என்னான்னா, அஞ்சுமே வூட்டுல தங்கமா வேல செய்யுது! ஃபோன கையில வச்சுக்கிட்டு கக்கூஸ் வரைக்கும் போயிப் பாத்தேன், படம் பளிச்சுன்னு வருது. காலையில வாசலத் தாண்டி பஸ் ஏறுனேன்னா செத்துப் போகுது. என்னயப் பாத்தா மட்டும் வேல செய்யுறதுக்கு இது என்ன, தோட்டத்து கிளாக்கரா?

கரண்டா? கம்பியூட்டர் ஓடிக்கிட்டுதான் இருக்கு. அதுக்கு இடி தாங்குற பிளக்கு, பேசிப் பேசி பாதி வெலைக்கு வாங்கி மாட்டியிருக்கேன். ரவுட்டருக்குத்தான் அதுல எடமில்ல, செவுத்துல நேரா இருக்கு. நம்ம பக்கத்து இடி உங்களுக்குச் சொல்லணுமா! ரெண்டு ரவுட்டரு கருகிப் போச்சு, ஒரு டீவி வெடிச்சுது. எம் பொஞ்சாதி வெள்ளையம்மா மலைக்கு ரப்பர் பால் வெட்டப் போயிருவா, இடிச்சா ஓடி வந்து கழட்ட ஆளேது? அதனால நானே ஒரு பழக்கம்... என்ன கேட்டீங்க? கடிதத்தத் தேட கோகிலா ஐடி நம்பரா? பேக்குல தாளுல எழுதி வச்சிருக்கேன், இருங்க. சீப்பு... தைலம்... திங்க வச்ச பாண் துண்டு... இது என்னா கருப்பா, வாலோட...

...

அனே... அய்யய்யோ.

சிரிக்காதீங்க தங்கச்சி.

ஆமா. ரவுட்டரோட அடாப்டருதான். காலையில வெளிய போறப்ப கழட்டி பேக்குல போட்டுக்குவேன். எவன நம்பி வுடுறது? கை தானாப் போயி... இன்னைக்கும் போயிருக்கு. அப்ப அஞ்சு சாமானையும் நான் திட்டுன திட்டு... அது கெடக்கட்டும், அந்தப் பொட்டிய திட்டுனது திட்டுனதுதான்! அத வாபஸ் வாங்க மாட்டேன்!

மணி என்ன? ஒண்ணே காலா? நீங்க அந்த ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருங்க. வூட்டு கம்பியூட்டர் பேருக்குப் பக்கத்துல பச்ச வந்ததும் கடிதத்த எடுத்து பிரிண்ட் போடுங்க, கோகிலாவுக்கு ஒரு ஃபோன் கோல் எடுங்க, ஓடி வந்து வாங்கிக்குவா. "அப்பா கழட்டிட்டாரு"ன்னு மட்டும்... இல்ல, சொல்லுங்க. சொல்லிருங்க. நேத்தே சொன்ன புள்ள அவ.

மல்லி! ஏ த்ரீவீல் தம்பி! தெஹியோவிட்ட யமுத, போவமா? எவ்வளவு?... ஹரி, ஹரி, சரிப்பா, கேட்டதத் தர்றேன். என்னா மொறைச்சுப் பாக்குற? இருளப்பன் பேரம் பேசாதத இன்னைக்குத்தான் பாக்குறியா? எடு வண்டிய! கழட்டுனவன் எவனோ அவனே போயி மாட்டணும்னு சொன்னேன்ல, இந்தா கெளம்பிட்டான் அந்த மடையன். ஏறுடா இருளப்பா, மூணு மணிக்கு முன்ன போயி மாட்டித் தொலைடா!