கடைசி வரிசை நாற்காலியில் இன்று அமர்ந்திருக்கும் குறிப்பெழுத்தர் நாகேஸ்வரன் அவர்களுக்கு

நகரசபையின் செவியாய் விளங்கிய செம்மலே! சொன்னதைச் சொன்னபடி எழுதிய சீராளரே! கூச்சலுக்குள்ளிருந்து தீர்மானத்தைக் கடைந்தெடுத்த குணக்குன்றே! கரமனை தந்த கண்ணியமே! வணக்கம்.

இந்த அலுவலகத்தில் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் எழுதியே நம் விரல்கள் பழகிவிட்டன. ஆனாலும் தாங்கள் வீட்டில் பேசும் மொழியில்தான் தங்களை வழியனுப்ப வேண்டும் என்று ஊழியர்கள் அனைவரும் விரும்பினோம். எழுதும் பொறுப்பைத் தட்டெழுத்தர் ராஜபாயாகிய என்னிடம் தந்தார்கள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தேழில் தாங்கள் இந்தச் சபா மண்டபத்துக்குள் நுழைந்தீர்கள். இன்று ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு. முப்பத்தொரு ஆண்டுகளில் எத்தனை தலைவர்கள், எத்தனை உறுப்பினர்கள்! தெருவிளக்குக்கு நின்றவர்கள், ஓடைக்கு நின்றவர்கள், ஒத்திவைப்பதற்கென்றே நின்றவர்கள்! மேசையைத் தட்டி எழுந்தவர்களின் கோபம் தங்கள் குறிப்பில் ஏறியதில்லை. அவர்கள் கேட்டது மட்டும் ஏறியது. மெல்லிய குரலில் ஓர் ஓரத்திலிருந்து வந்த ஆட்சேபமும் தங்கள் பென்சிலுக்குத் தப்பியதில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பிக்கு எழுந்தபின், அதுவரை மண்டபத்தில் நடந்தது என்ன என்பதை அறிந்தவர் தாங்கள் ஒருவரே.

தங்கள் வேலைமுறையை இங்கே வந்திருக்கும் விருந்தினர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தைய சனிக்கிழமை, தட்டெழுதி முடித்த குறிப்பை எடுத்துக்கொண்டு தாங்கள் இந்த மண்டபத்துக்கு வருவீர்கள். தங்கள் மேசையில் நின்றுகொண்டு, முப்பது காலி நாற்காலிகளுக்கு அதை உரக்க வாசிப்பீர்கள். தங்கள் கைப்பிரதியோடு ஒத்துப் பார்த்தபடி கடைசி வரிசையில், காது மந்தமான ஓர் உறுப்பினரின் நாற்காலியில், நான் உட்கார வேண்டும். "அங்கே கேட்டா எங்கேயும் கேக்கும்" என்பீர்கள். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றுவீர்கள்.

"என்ன மெம்பர் அவர்களே, தூங்கிட்டேளா? ஒண்ணும் விட்டுப்போகலியே?"

"இல்லை சார்."

இந்த அலுவலகத்துக்கு வந்த முதல் பெண் நான். என்னை ஒருவர் 'மெம்பர் அவர்களே' என்று அழைத்ததைக் கேட்டு முதல் நாள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனியே சிரித்தேன். தாங்கள் என்னிடம் காட்டிய மரியாதை அந்த விளையாட்டுக்குள் இருந்தது.

இது ஊழியர்கள் அனைவரின் பெயரால் எழுதும் மடல். ஆனாலும் இனிச் சில பத்திகளை எனக்காக மட்டுமே எழுத வேண்டியிருக்கிறது. ஹெட் கிளார்க் சத்தியநேசன் அவர்களிடம் இதை முன்பே காட்டினேன். "வாழ்த்து மடல்ல குத்தம் ஒத்துக்கிடுத வழக்கம் எங்கேயாவது உண்டா, ராஜபாய்?" என்றார். மறுபடி ஒருமுறை வாசித்தார். பிறகு, "சரி, கண்ணாடிச் சட்டத்துக்குள்ள கொள்ளுத அளவுக்கு எழுதும்" என்று திருப்பித் தந்தார்.

போன ஆண்டு கும்ப மாதக் கூட்டத்தில், ஆற்றை ஒட்டிய ஏழு சந்துகளில் குடிதண்ணீர்க் குழாய் போடச் சபை தீர்மானித்தது. எத்தனை என்று எண் குறிக்காமல், சந்துகளின் பெயரை மட்டும் தாங்கள் வரிசையாக எழுதியிருந்தீர்கள். ஆறு பெயர்கள் தாளின் முன்பக்கத்தில். ஏழாவது, தெருக்கூட்டும் பெண்கள் குடியிருக்கும் ஆற்றங்கரைச் சந்து, தாளின் பின்பக்கத்தில் தனியாக ஒரே வரி. நான் தாளைத் திருப்பாமல் தட்டெழுதினேன். ஸ்டென்சில் வெட்டி முப்பது பிரதியும் எடுத்தாயிற்று.

சனிக்கிழமை தாங்கள் வாசித்தீர்கள். ஆறாவது பெயரோடு நின்று அடுத்த தீர்மானத்துக்குப் போனீர்கள். அப்போதுதான் நான் கைப்பிரதியைத் திருப்பினேன். ஏழாவது பெயரைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இந்த இடத்தில் அழுத்தி எழுதுகிறேன், சார். கவனக்குறைவு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் பல மாதம் அப்படியே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் மனத்தில் ஓடியது இதுதான்: முப்பது பிரதியையும் மறுபடி எடுக்க வேண்டும், நாலு மணிக்கு மார்த்தாண்டம் பஸ் போய்விடும், அம்மா வாசலில் காத்திருப்பாள். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அந்தச் சந்தில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"ஒண்ணும் விட்டுப்போகலியே?" என்று கேட்டீர்கள். "இல்லை சார்" என்றேன். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் நினைத்தேன். திங்கட்கிழமை வாய் வரவில்லை. சபை குறிப்பை வாசித்து உறுதி செய்தது. உறுதி செய்த குறிப்பில் இல்லாத சந்துக்குக் குழாய் போக வழியில்லை.

ஆறு சந்துகளில் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். ஏழாவதன் முனையில் மண்வெட்டி நின்றது. மறுநாள் தெருக்கூட்டும் பகவதி துடைப்பத்தை வெளியே சாத்திவிட்டு நம் படியேறி வந்தாள்.

"சாமி, காயிதத்துல எங்க சந்து இல்லியாமே? நாங்க அங்கனதானே கெடக்கோம்?"

தாங்கள் கைப்பிரதியை வருவித்துத் திருப்பிப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. "இருக்கேம்மா, இருக்கே. நான் எழுதியிருக்கேன் பாரு" என்று எழுத்துத் தெரியாத அவளிடம் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினீர்கள்.

மேட மாதக் கூட்டத்தில் திருத்தத் தீர்மானம் வந்தது. "முப்பது வருஷமா ஒரு தெற்றும் வராத ஆளுன்னு பறைஞ்சது இவரைத்தானோ?" என்று ஓர் உறுப்பினர் பிழையைச் சுட்டிச் சிரித்தார். சபையில் குறிப்பெழுத்தருக்குப் பேச்சுரிமை இல்லை. தாங்கள் தலைவரிடம் அனுமதி கேட்டு எழுந்தீர்கள். "வாசிச்சவன் நான். விட்டதும் நான்தான்" என்று சொல்லி உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்து, தாங்கள் சொன்னதைத் தாங்களே குறிப்பில் எழுதிக்கொண்டீர்கள். தங்கள் பணிப்பதிவேட்டின் ஒரே கறையான எச்சரிக்கை அன்று ஏறியது.

மேட மாதக் கோடை வெயில் முழுவதும் அந்தப் பெண்கள் ஆற்றுக்கே நடந்தார்கள். அடுத்த மாதமான இடவத்தின் பாதியில் மழைக்காலம் தொடங்கியபின்தான் அவர்களுக்குக் குழாய் வந்தது.

ஆனால் நான் தூக்கம் இழந்தது வேறொரு சனிக்கிழமைக்காக. அந்த மேடக் கூட்டக் குறிப்பையும் தாங்கள் இங்கே நின்று வாசித்தீர்கள். 'விடுபட்டது தன் பிழையே எனக் குறிப்பெழுத்தர் ஒப்புக்கொண்டார்' என்ற வரியை, மற்ற வரிகளைப் போலவே, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வாசித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றினீர்கள். அதைத் துடைத்து மடக்கி வைத்தபின்தான் கேட்டீர்கள். "ஒண்ணும் விட்டுப்போகலியே?" கடைசி வரிசையிலிருந்து, இரண்டாம் முறையாக, "இல்லை சார்" என்றேன். எனக்கு ஒரு வழி திறந்துவிட்டுக் காத்திருந்தீர்கள் என்று இன்றுவரை நம்புகிறேன். அது வெறும் வழக்கமான கேள்வியாகவும் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பதே எனக்குக் கிடைத்த தண்டனை.

பெரியோரே! இன்று காலை, என் கையெழுத்துடன் ஒரு விண்ணப்பம் தலைவர் அவர்களிடம் கொடுத்தாயிற்று. தங்கள் பதிவேட்டிலிருந்து அந்த எச்சரிக்கையை எடுத்து, உரியவர் பதிவேட்டில் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். என்ன முடிவு வந்தாலும் அதையும் தட்டெழுதித் தருவேன். இதற்கிடையில் தாங்கள் கற்றுத் தந்த முறையிலேயே இதை இங்கே முன்மொழிகிறேன்: மேட மாதக் கூட்டக் குறிப்பில் 'விடுபட்டது தன் பிழையே எனக் குறிப்பெழுத்தர் ஒப்புக்கொண்டார்' என்றிருக்கும் இடத்தில், 'தட்டெழுத்தர் ராஜபாய் அறிந்தே சொல்லாமல் விட்டது' என்று வாசிக்கப்பட வேண்டும். கீழே கையெழுத்திட்டவர்கள் அனைவரும் வழிமொழிகிறார்கள்.

தாங்கள் நோயின்றி, நெஞ்சில் சுமையின்றி நெடுநாள் வாழ வேண்டும். காலையில் கரமனை ஆற்றில் குளித்துவிட்டு நிதானமாக வீடு திரும்ப வேண்டும். போகும் வழியில் ஆற்றங்கரைச் சந்தின் முனையில் குடங்கள் நிரம்பும் ஓசை தங்கள் செவியில் விழ வேண்டும். தங்கள் இல்லத்தரசியார் சுப்புலக்ஷ்மி அம்மாள் இனிமேல் சனிக்கிழமைகளைத் தங்களிடமிருந்து முழுதாகப் பெற வேண்டும்.

இந்த மடலை நான் தங்கள் மேசையருகே நின்று வாசிக்கிறேன். அந்தக் கடைசி நாற்காலியில் இன்று தாங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் தாளைத் திருப்பி வாசித்துவிட்டேன்.

மெம்பர் அவர்களே, ஒன்றும் விட்டுப்போகவில்லையே?

தங்கள் அன்பை என்றும் மறவாத,
நகரசபை அலுவலக ஊழியர்கள்

திருவனந்தபுரம்
கொல்லம் ஆண்டு 1118, இடவ மாதம்