ஏழு மாத உறுப்பினர்

நாடாளுமன்றத்தில் கிடைக்கும் தேநீர் நன்றாக இருக்கும். அங்கே இருந்த ஏழு மாதத்தில் நான் குறை சொல்லாதது அது ஒன்றுதான். என் வாழ்க்கைக் குறிப்பில், உடல்நலம் கருதிப் பதவி விலகினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் உங்களை வரச் சொன்னேன்.

1911இல் அந்த அவையில் என்னை யாருக்கும் தெரியாது. வாசல் காவலரே இரண்டு முறை தடுத்திருக்கிறார். எதிர்வரிசை எனோக் ஹெஸ்லப் மட்டும் தினமும் என்னிடம் நின்று பேசுவார். டர்ஹாம் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் கரி வெட்டியவர். சுரங்கத்துக்குள் காய்ந்த கரித்தூளை முதலாளிகள் நனைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும் என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்திருந்தார். ஓட்டெடுப்புக்கு முதல்நாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, வீட்டுக்காரிக்கு உடம்பு ரொம்ப முடியலை, இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. நான் ஊருக்குப் போகணும். நாளைக்கு நீங்களும் ஓட்டுப் போடாம இருந்தீங்கன்னா ரெண்டு பக்கமும் ஒரு ஓட்டு குறைஞ்சு சரியாப் போயிடும்."

"கவலைப்படாம போயிட்டு வாங்க. நான் போடமாட்டேன்."

எதிரெதிர்க் கட்சிக்காரர் இருவர் இப்படிப் பேசிவைத்துக்கொள்வது அங்கே வழக்கம். எழுத்து கிடையாது. கை குலுக்கினோம்.

மறுநாள் ஓட்டெடுப்பு மணி அடித்தபோது எங்கள் கொறடா என் தோளில் கை போட்டார். "வாங்க லேத்தம், உங்களை நம்பித்தான் இருக்கோம்" என்றார். அந்தக் கட்டடத்தில் ஒருவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. போய் எதிர்த்து ஓட்டுப் போட்டேன். திருத்தம் ஒரே ஓட்டில் தோற்றது. சமமாக வந்திருந்தால் அவைத்தலைவர் ஹெஸ்லப் பக்கம் போட்டிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள்.

அது நிறைவேறியிருந்தால் மே மாதமே அமலுக்கு வந்திருக்கும். ஹெஸ்லப்பின் ஊர்ச் சுரங்கம் ஜூனில் வெடித்தது. இருபத்தாறு பேர். அவருடைய மகனும் ஒருவன்.

"ஓட்டுப் போடாம பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருந்தியே, இப்போ திருப்தியா?" என்று சவ ஊர்வலத்தில் அவரை மறித்துக் கேட்டார்களாம். தானும் ஓட்டுப் போடமாட்டேன் என்று லேத்தம் கை கொடுத்திருந்தார் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஊரிலிருந்து நான்கு பெண்கள், எல்லோரும் துக்கத்துக்கான கறுப்புடையில், ரயிலேறி வந்து அது உண்மையா என்று என்னைக் கேட்டார்கள்.

"அப்படி ஒரு பேச்சே நடக்கலைம்மா" என்றேன். தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். நம்பிவிட்டார்கள். அதன்பின் அந்த ஊரில் அவருக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. பத்தொன்பது வருடம்.

வெட்கம் தாங்காமல்தான் பதவி விலகினேன். இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். போன செவ்வாய்க்கிழமை ஹெஸ்லப் இறந்துவிட்டார். முன்பே சொல்லியிருப்பேன், பழையதைக் கிளறினால் பாவம், அந்த மனுஷன் மனம் நோகுமே என்றுதான் காத்திருந்தேன்.