முதல் பாகமே மேல்

மழைக்காற்று அடித்தால் என் வலது தோள் இழுத்துப் பிடிக்கும் சார். பதினாறு வயதிலிருந்து மூட்டை சுமந்த தோள். வேலை முடிந்து வந்தால் பொத்தான் அமுக்கத்தான் தெம்பு இருக்கும்.

வண்டியால் வண்டியை உடைக்கிற வீடியோ கேம். அக்கா வீட்டுக்காரரும் நானும் ஆடுவோம். அவரை மாமா என்று கூப்பிடுவேன். இருவருக்கும் ஒரே கிடங்கில் வேலை. அவர் சரக்கு சரிபார்ப்பவர், நான் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன்.

முதல் பாகத்தை மூட்டை சுமந்தவன் எவனோதான் செய்திருப்பான். லாரிக்கு லாரியின் கனம் இருக்கும், திரும்ப நேரம் எடுக்கும். அடுத்தவனை முட்டினால் நம் வண்டியும் நசுங்கும். திரையில் ஆளுக்குப் பாதி. என் வண்டி புகைந்து நின்றால் மாமா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போய் ரிப்பேர் கொட்டகையில் விடுவார். "உன்னைத் தள்ளியே என் டயர் தேஞ்சுபோச்சு மாப்ள" என்பார்.

அப்புறம் இரண்டாம் பாகம் வந்தது. பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் வண்டியெல்லாம் காகிதம். முட்டினால் நமக்கு ஒன்றும் ஆகாது. முட்ட முட்டப் பலம் ஏறும். திரை ஒருத்தருக்குத்தான். மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்கேயோ இருக்கிற எவனுடனோ ஆடினார். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். நாலு மாதம் பார்த்தேன். ஒருநாள் அந்த முகம் தெரியாதவனிடம், "பின்னாடியே வா மாப்ள" என்றார்.

"உன் இடம் போச்சுடா" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. அடுக்குகளுக்கு நடுவே நடந்து போகிறவர் தன் தொப்பியை முனைக்கம்பியில் மாட்டிவிட்டுப் போவார். தொப்பி தொங்கினால் வண்டி நுழையக் கூடாது. மாமா செத்த அன்று தொப்பி இல்லை, மாட்ட மறந்தது அவர் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினார்கள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

தொப்பி இருந்தது சார். கழற்றி என் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், கோபம் இல்லை. சத்தம் கேட்டுத் திரும்பியவர், "இரு மாப்ள, நான் உள்ள இருக்கேன்" என்றார். நான் நிறுத்தவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியில் கீறல்கூட இல்லை.

அக்கா அந்த டிவியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். நான் போனால் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. தெரிந்து பேசாமல் இருக்கிறாளா, தெரியாமலா என்று கேட்க வாய் வரவில்லை.

அன்று காலை டீ குடிக்கும்போது அவர் சொன்னார்: "புதுசு போர் அடிக்குது மாப்ள. ஞாயித்துக்கிழமை பழசையே போடலாம், நீயும் நானும்." என் மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் மனசாரத்தான் சொல்லியிருப்பார்.

சொன்ன சொல் தவறுகிற ஆள் இல்லை சார் அவர். அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் எனக்குப் பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.