நாற்பத்தேழாம் நம்பர் வால்வு

— அந்த ஸ்டிக்கரைக் கிழிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? கிழிச்சா கம்ப்யூட்டர்ல காணாமப் போயிடுவீங்க.

— போறேன், நல்லதாப் போச்சு! முதுகுல ஸ்டிக்கர் இருக்கறது தெரியாம காலையிலேர்ந்து ஊரெல்லாம் சுத்தியிருக்கேன். டீக்கடைக்காரன் போனை எடுத்து என் முதுகை ஸ்கேன் பண்ணிட்டு, "அண்ணே, உங்களைப் பொருத்தி இருபத்தாறு வருஷம் ஆச்சாமே"ங்கறான். கடை முழுக்க சிரிப்பு.

— அது நீங்க வேலைக்குச் சேர்ந்த வருஷங்க.

— அப்ப சேர்ந்த வருஷம்னு போடறது! பொருத்தின வருஷம்னு எதுக்குப் போட்ட?

— ஸ்கிரீன்ல அந்தப் பெட்டிக்குப் பேரே அதான். நான் என்ன பண்ணட்டும்?

— இங்க பாரு, நேரா கேக்கறேன், நேரா பதில் சொல்லு. தண்ணி ஆபீசுக்குச் சொந்தமான குழாய், பம்ப், தொட்டி எல்லாத்தையும் சாஃப்ட்வேர்ல ஏத்தறது உன் வேலை. ஏத்து, யாரு வேணாங்கறா? கட்டின புருஷனை எதுக்குடி ஏத்தின?

— கத்தாதீங்க, பக்கத்து ரூம்ல என்ஜினியர் சார் இருக்காரு. மார்க்கெட் முக்குல இருக்கற பெரிய வால்வை யாரால மூட முடியும்? சொல்லுங்க.

— என்னாலதான். அதோட திருகு தேஞ்சே பத்து வருஷம் ஆச்சு. கம்பியைக் குடுத்து, தோளை முட்டுக் குடுத்து, தம் பிடிச்சாத்தான் அசையும். வேற எவனாவது தொட்டா கம்பி அவன் வாயிலயே அடிக்கும்.

— அதான். அந்த இடத்துல எது தண்ணியை நிறுத்துதுன்னு சாஃப்ட்வேர் கேட்டுச்சு. வால்வா நிறுத்துது? நீங்க நிறுத்தறீங்க. பெட்டியைக் காலியா விட்டா அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குது. உங்களைப் போட்டேன், போயிடுச்சு.

— என்னன்னு போட்ட?

— வி நாப்பத்தேழுன்னு.

— எதால செஞ்சதுன்னு கேட்டிருக்குமே?

— வார்ப்பிரும்பு.

— அடிப்பாவி.

— அதுல மூணே மூணுதாங்க இருந்துச்சு. வார்ப்பிரும்பு, பித்தளை, பிளாஸ்டிக். பிளாஸ்டிக்னு போட்டா சும்மா இருப்பீங்களா?

— பித்தளைன்னாவது போட்டிருக்கலாம்ல? பாக்கறதுக்குக் கொஞ்சம் கௌரவமா இருந்திருக்கும். விட்டம் முந்நூறு மில்லிமீட்டர்னு போட்டிருக்கே, அது எங்கேர்ந்து வந்துச்சு?

— ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டுத் தூங்கினீங்கல்ல, அப்ப டேப்பு வெச்சு அளந்தேன். இடுப்பு முப்பத்தேழு இஞ்சு. அதுலேர்ந்து கணக்குப் போட்டு எடுத்தேன்.

— பாசமா போர்வையை இழுத்து விடறான்னு நினைச்சேன்டி நான்! சரி, இந்தக் கூத்தெல்லாம் இருக்கட்டும். கீழ சிவப்பு எழுத்துல ஒண்ணு இருக்கே, அது என்ன?

— எங்க? சிவப்பா? நேத்து அது இல்லையே.

— படி. பொடி எழுத்து, கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியலை.

— "ஆயுள் முடிந்தது. திங்கட்கிழமை மாற்றவும்."

— யாரை மாத்தவும்?

— வி நாப்பத்தேழை.

— அப்ப என்னையா? என்னடி சொல்ற? பொண்ணு இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கலை. வேலையை விட்டு என்னைத் தூக்கிட்டா நான் எங்க போவேன்? இந்த வயசுல எவன் என்னைக் கூப்பிட்டு வேலை குடுப்பான்?

— பதறாதீங்க. அய்யோ, வருஷத்தை நான்ல மாத்திப் போட்டிருக்கணும்... சார்! சார், கொஞ்சம் இங்க வர்றீங்களா?

— வந்துட்டேன் மேடம். அதாவது, நானும் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மாத்தறதுக்கு முன்னாடி என்ஜினியர் ஒருதடவை நேர்ல சோதிக்கணும்னு விதி இருக்கு. இதுதானே வி நாப்பத்தேழு?

— சார், தினமும் காலையில எனக்கு வணக்கம் சொல்றீங்க. என்னைப் போய் "இது"ன்னு சொல்றீங்களே?

— அதாவது, சோதனை நடக்கும்போது நான் பொருளோட பேசக் கூடாது. மேடம், கசிவு இருக்கா?

— இல்ல சார். வெயில்ல கொஞ்சம் வேர்க்கும்.

— லேசான கசிவு. சத்தம்?

— குறட்டை உண்டு சார். எங்களுக்குப் பழகிடுச்சு.

— சத்தம் உண்டு, ஏற்றுக்கொள்ளத்தக்கது. திறந்து மூட எவ்வளவு நேரம்?

— என்கிட்ட கேளுங்க சார், வாய் இருக்குல்ல எனக்கு? திறக்க பத்து நிமிஷம், மூட இருபது. அப்புறம் எழுதிக்கோங்க, வலது முட்டி வலிக்குது.

— அது மழை நாள்ல மட்டும் சார்! அதையெல்லாம் எழுதாதீங்க.

— ஏன், எழுதட்டும். இருபத்தாறு வருஷமா குழியில இறங்கி ஏறினா முட்டி வலிக்காம பல்லா வலிக்கும்?

— என்னங்க, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— அதாவது, அடிப்பகுதியில தேய்மானம். துரு?

— தலையில நரை இருக்கு சார். போன வாரம் சாயம் பூசினோம்.

— மேற்பூச்சு புதுசு, நல்லது. இப்ப கடைசி சோதனை. இதை எடுத்துட்டா ஊருக்கு என்ன ஆகும்னு கம்ப்யூட்டர் மாடல்ல ஓட்டிப் பாக்கணும். மேடம், ஓட்டுங்க.

— ஓட்டறேன் சார். இந்த வரைபடத்துல நீலமா இருக்கறதெல்லாம் தண்ணி வர்ற தெரு. இப்ப இவரை எடுக்கறேன்.

— எடுத்தா எடு. என்ன ஆயிடப் போகுது? ஒரு தெருவுல கொஞ்சம் தண்ணி குறையும்... ஏய், என்ன இது? மொத்தமா சிவப்பாகுது!

— முக்கு வால்வை மூட ஆள் இல்லைன்னா தண்ணி பூரா பள்ளத்துப் பக்கம் ஓடிடுதுங்க. மேட்டுப் பக்கம் ஏறவே இல்ல.

— எத்தனை வீடு மேடம்?

— நாலாயிரத்து இருநூறு சார். ரெண்டு பள்ளிக்கூடம். பிரசவ ஆஸ்பத்திரி. அங்க மேல இருக்கற தொட்டி பதினேழு மணி நேரத்துல காலி.

— பிரசவ ஆஸ்பத்திரியுமா? நம்ம பொண்ணு பொறந்த இடமாச்சே அது.

— ஆமாங்க.

— நான் ஒருத்தன் இல்லாட்டி அங்க தண்ணி வராதா? இருபத்தாறு வருஷத்துல இதை ஒருத்தனும் என்கிட்ட சொன்னதில்லையே. வந்தா "ஏன் லேட்டு"ம்பாங்க, போனா "ஏன் சீக்கிரம்"பாங்க. எனக்குத் தொண்டையை அடைக்குது சார்.

— அதாவது, அடைப்புன்னா எழுதணும்.

— எழுதாதீங்க சார், அவரு அழறாரு.

— எழுதலை. முடிவு இதுதான். "மாற்றக் கூடாது, மிக முக்கியமான சொத்து." மூணு மாசத்துக்கு ஒருதடவை மூட்டுக்கெல்லாம் கிரீஸ். மழை படாம மேல ஒரு மூடி. சுத்தி மூணடி உயரத்துக்குக் கம்பி வேலி.

— வேலியா? சார், உங்களுக்கே இது நல்லா இருக்கா? வேலி போட்டா நான் எப்படி வீட்டுக்குப் போறது? பொண்ணு ஸ்கூல் ஃபாரத்துல அப்பா என்ன செய்யறாருன்னு கேப்பாங்க. முந்நூறு மில்லிமீட்டர், வார்ப்பிரும்பு, வேலிக்குள்ள இருக்காருன்னு எழுதுவாளா அவ? பாராட்டினதுக்கு நன்றி. இந்த லிஸ்ட்லேர்ந்து என்னை அழிச்சிடுங்க. நான் மனுஷனாவே இருந்துட்டுப் போறேன்.

— அழிக்கலாம். பதினொரு மணிக்குத் தலைமை ஆபீஸ் இந்தப் பட்டியலை எடுத்துக்கும். அதுக்கு முன்னாடின்னா ஒரு தட்டு தட்டினாப் போதும். பத்து நிமிஷம் இருக்கு. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நான் பிரிண்ட் எடுத்துட்டு வந்துடறேன்.

— என்னடி யோசிக்கற? எந்தப் பட்டன்னு காட்டு, நானே தட்டறேன்.

— வேணாங்க.

— ஏன் வேணாம்? புருஷனை வால்வுன்னு சொல்லிக்கறதுல உனக்கு அவ்வளவு பெருமையா?

— கையை எடுங்க. எடுங்கன்னு சொல்றேன்ல!

— இப்ப எதுக்கு நீ அழற?

— போன வெள்ளிக்கிழமை ஃபிட்டருங்க பட்டியல் என் கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. பதினொரு பேரு. இந்த மாசக் கடைசியோட எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்தறாங்க. மூணாவது பேரு உங்களுது.

— என்னது?

— கீழ ஒரே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். இந்த ஆள் போயிட்டா எந்தத் தெரு காயும்னு யாரும் ஓட்டிப் பாக்கலை. யாரும் கேக்கவும் இல்ல. ஆனா ஒரு வால்வை எடுக்கணும்னா சோதிக்கணும், மாடல்ல ஓட்டணும், எத்தனை வீட்டுக்குத் தண்ணி போகும் போகாதுன்னு எழுதிக் காட்டணும், மூணு பேரு கையெழுத்துப் போடணும். அன்னிக்கு முழுக்க யோசிச்சேங்க. ஆளா இருந்தா உங்களைக் காப்பாத்த எனக்கு வழி தெரியலை.

— அதான் வால்வாக்கினியா?

— ஆமா. உங்களுக்கு வயசாச்சுங்கறதே எனக்குத் தோணலை. வருஷத்தை அப்படியே நிஜமா போட்டுட்டேன். அதுல மாட்டிக்கிட்டேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா ரோஷம் பொத்துக்கிட்டு வரும் உங்களுக்கு. நேராப் போய் மேலதிகாரி மேஜையில கம்பியை வீசிட்டு வந்துடுவீங்க. எனக்குப் பயமா இருந்துச்சுங்க. தினமும் நீங்க சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பறப்பல்லாம் தெருமுனை வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்.

— மிச்சம் பத்து பேரு?

— ரெண்டு நாள் ராத்தூக்கம் இல்லாம ஆளுக்கு ஒண்ணா இடம் தேடிட்டேன். மீட்டர் ரெண்டு, ஜங்ஷன் பெட்டி அஞ்சு, மீதி மூணு பேரும் இணைப்புக் குழாய். நீங்க ஒருத்தர்தாங்க வால்வு.

— நான் ஒருத்தன்தானா?

— ஆமா. மத்ததை விட அதுக்குத்தான் மதிப்பு அதிகம்.

— மேடம், மணி பத்து அம்பத்தெட்டு. என்ன முடிவு? அழிச்சிடவா?

— வேணாம் சார். நான் வால்வாவே இருந்துட்டுப் போறேன். அந்த ஸ்டிக்கர் ஒரு மூலையில கிழிஞ்சிருக்கு, அதை மட்டும் நல்லா அழுத்தி ஒட்டி விடச் சொல்லுங்க. ஆனா வேலிக்குள்ள எப்படி சார் நிக்கறது? அதை நினைச்சாத்தான் கூச்சமா இருக்கு.

— அதெல்லாம் போகப் போகப் பழகிடும் அண்ணே. இதே பட்டியல்ல ரெண்டு வருஷமா நான் கிழக்குத் தொட்டி. போன மாசம் ஆள் வந்து கழுத்து வரைக்கும் வெள்ளையடிச்சுட்டுப் போனாங்க, அசையாம நின்னு காட்டினேன்.