ஞானசுந்தரிக்கு ஜாமீன் நின்றவர்கள்

அவையின் தலைமைக்கு அழகு சேர்க்கும் ஐயா சீனிவாசகம் அவர்களே! ஆனைக்குட்டத்திலிருந்தும் காரியாபட்டியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! ஆலை வேனை விட்டு இறங்கிய கையோடு, முகம்கூடக் கழுவாமல் இந்தப் பந்தலுக்கு வந்து அமர்ந்திருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

இன்று நான் பேச வந்தது கடனைப் பற்றி. கடன் என்றதும் அங்கே ஒரு தாய் முகம் சுளிக்கிறார். சுளியுங்கள் அம்மா! வாரக் கடன் வாசலில் வந்து நின்று வசைபாடிய கதைகளும் இந்த மண்ணில் உண்டு. மறைக்கமாட்டேன். ஆனால், நான் வியந்து நின்ற ஒரு கதையையும் கேளுங்கள்.

ஏழாயிரம்பண்ணையில் ஞானசுந்தரி என்றொரு பெண். பட்டாசு ஆலையில் வெடிமருந்து தீப்பற்றி இரு கைகளும் வெந்தன. உயிர் பிழைத்தார், வேலை பிழைக்கவில்லை. மாவரைத்து விற்கலாம் என்று, தன் குழுவோடு வங்கிக்குப் போனார். அங்கே கைரேகை வைக்கச் சொன்னார்கள். வெந்த விரலில் ரேகை ஏது? வைத்தார், விழவில்லை. துடைத்து வைத்தார், விழவில்லை. பத்து விரலும் வைத்தார், ஒன்றும் விழவில்லை!

"ரேகை விழாம கடன் குடுக்க வழியில்லம்மா. மத்தவங்க வாங்கிக்கலாம்" என்றார் மேலாளர் புகழேந்தி.

ஞானசுந்தரி தலைகுனிந்து சொன்னார்: "என்னைய விட்டுருங்கக்கா. நீங்க வாங்கிக்கோங்க."

குழுத் தலைவி குருவம்மாள் என்ன செய்தார் தெரியுமா? இந்தக் கடனை நம்பித்தான் அவர் மகளின் கல்லூரிக் கட்டணம் இருந்தது, அதைக் கட்ட மறுநாள்தான் கடைசி நாள்! ஆனாலும் எழுந்தார்.

"சார், மிஷினுக்குத் தெரியலைன்னா எங்களக் கேளுங்க. இவ ஞானசுந்தரிதான்னு நாங்க அம்புட்டுப் பேரும் சொல்லுதோம். இவளுக்கு இல்லாத கடன் எங்களுக்கும் வேண்டாம்."

ஒருத்தியாவது முணுமுணுத்தாளா? இல்லை! ஒருத்தியாவது வாசலைப் பார்த்தாளா? இல்லை! அத்தனை பேரும் ஞானசுந்தரியைச் சுற்றி நின்றார்கள்.

புகழேந்தி நல்ல மனிதர். சிவகாசி அலுவலகத்துக்குப் பேசி, கருவிழியைப் படமெடுக்கும் கருவியை வரவழைத்தார். ரேகை சொல்லாததை விழி சொன்னது. மறுநாள் மதியத்துக்குள் எல்லோருக்கும் பணம் வந்தது. கல்லூரிக் கட்டணமும் கட்டியாயிற்று.

கிரைண்டர் வந்தது. குடத்தைத் தூக்க ஞானசுந்தரியின் கையில் வலு ஏது என்கிறீர்களா? தங்களை வேலைக்கு ஏற்றிப்போக ஆலை வேன் வருமுன் ஒருத்தி வந்து தண்ணீர் ஊற்றினாள், ஒருத்தி மாவு வழித்தாள். முறைவைத்து வந்தார்கள், அவர் கை தேறும்வரை வந்தார்கள்!

போன மாதம் எழில் என்றொரு பெண் அந்தக் குழுவில் சேர வந்தாள். கணவன் கடனை வைத்துவிட்டு ஓடிப்போக, தனியாக நின்றவள். 'இவளை நம்பலாமா?' என்று எல்லோரும் தயங்கினார்கள், குருவம்மாளே தயங்கினார். அப்போது ஞானசுந்தரி எழுந்தார்.

"எழிலுக்கு நான் ஜாமீன்."

வங்கி கொடுத்தது பணம். அதைவிடப் பெரியதை, 'இவள் எங்களில் ஒருத்தி' என்ற சொல்லை, இந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்! எந்த நாட்டுக் கருவூலத்தில் இருக்கிறது தாய்மார்களே, இதற்கு ஈடான செல்வம்?

பசியோடும் அலுப்போடும் செவிசாய்த்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!