அஞ்சு கல்படுக்கை

இன்னா சார், இதுக்கே மூச்சு வாங்குது? இன்னும் நாப்பது படிதான். பையக் குடுங்க இப்பிடி. போன மாசம் கொகைய அளக்க வந்தப்ப குடுகுடுன்னு ஏறுனீங்களே! ஆமா, மறியல்னு மரத்த வெட்டி ரோட்டுல போட்டுட்டானுங்க, இந்த தபா வர்ற வழியில ஒரு வாரம் சின்னசேலத்துலயே மாட்டிகினீங்க. கெவுருமெண்ட்டு வேலையில சாதிக்கு இருவது பர்சன்ட்டு பங்கு கேக்குறது நாயந்தான் சார், நானும் கேட்டவந்தான். ஆனா எவனுக்கு கோவம் வந்தாலும் புளியமரத்துக்குதான் கேடு.

நீங்க பாட்டுக்கு டேப்ப சுருட்டிகினு போறப்ப ஒரு வார்த்த வுட்டுட்டுப் போய்ட்டீங்க. உள்ள இருக்கிறது ரெண்டாயிரம் வருசத்து எழுத்து, இங்க மொதல்ல இருந்தது யாருன்னு அது சொல்லும், அடுத்த தபா வந்து காயிதத்துல மை ஒத்தி எழுத்த அப்பிடியே எடுத்துகினு போறேன்னு. அவ்ளோதான். அன்னியிலருந்து ஊர்ல எவனும் தூங்கல.

சமண சாமியாருங்க படுத்த எடம்னு நீங்க சொன்னத நானும் சொன்னேன். அந்த சாமியாருங்க எந்த சாதின்னு கேக்குறானுங்க! மேலத்தெரு அரங்கநாதன், எங்க பாட்டன் படுத்த எடம்னு ஒரு கல்படுக்கைல பாயே போட்டுட்டாரு. கீழத்தெரு வேடியப்பன் வுடுவாரா? அஞ்சு படுக்கைல ஒன்னு எங்களுக்கு வந்தா கரெக்டா இருவது பர்சன்ட்டுன்னு தலகாணியோட வந்துட்டாரு. சிரிக்காதீங்க சார், அருவாளத் தூக்கிகினு நின்னானுங்க.

அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே பயம். எழுத்துல அடுத்த தெருக்காரன் பேரு இருந்துட்டா? கெவுருமெண்ட்டு எல்லாத்தையும் அவனுக்கே குடுத்துட்டா? தேருக்குக்கூட ஒன்னு சேராதவங்க, ஒரே பெஞ்சுல ஒக்காந்து டீ குடிச்சாங்க சார். ஊரே சமாதானமாயிடுச்சு.

குனிஞ்சிக்குங்க, தலைல இடிச்சிக்கும்.

எழுத்தா? அதத்தான சார் சொல்லிகினு வரேன். ஊர்ல கல்லு கொத்துறவன் நான் ஒருத்தன். ரெண்டு தெருவும் சேந்து கூப்புட்டா நான் இன்னா பண்றது? வெள்ளிக்கெழம காலைல உளி வெச்சி எழுத்தக் கொத்தி சமமாக்கிட்டேன். தடவிப் பாருங்க, மொழுமொழுன்னு இருக்கும்.

ஐயையோ, இன்னா சார் தரையில ஒக்காந்துட்டீங்க?

அன்னிக்கே பாத்து நோட்டுல வரைஞ்சிகினு போய்ட்டீங்களா? படிச்சும் பாத்துட்டீங்களா? யாரு பேரு சார், மேலத்தெருவா, கீழத்தெருவா?

படுக்கைய வெட்டுனவன் பேரா? கல்லு கொத்துறவனா? வேற எவன் பேரும் இல்லியா?

அடப்பாவி.

இருவது வருசமா கொத்துறேன் சார். எத்தினி கோயிலு, எத்தினி படி, எவ்ளோ ஆட்டுக்கல்லு. ஒன்னுலகூட எம்பேர வெட்ட வுட்டதில்ல. இவன் ஒருத்தன் வெட்டி வெச்சிருந்தான். அவனப் போயி நானே...

அந்த நோட்ட எடுங்க சார். எனக்குப் படிக்கத் தெரியாது. அவம்பேரு இன்னா, சத்தமா ஒரு தபா படிங்க.